முரட்டு சிக்லிட்களை ஒரே தொட்டியில் சேர்த்து வளர்ப்பது எப்படி

சென்னை கொளத்தூர் கடைகளில் ஆஸ்கர், கிரீன் டெரர், ஜாக் டெம்ப்சி, ஜாகுவார், ரெட் டெவில் போன்ற சிக்லிட் குடும்ப மீன்கள் எல்லாம் இரண்டங்குலக் குஞ்சுகளாகச் சாதுவாக நீந்திக்கொண்டிருக்கும். வகைக்கு ஒன்றாக வாங்கி வந்து நான்கடித் தொட்டியில் விட்டால் முதல் சில மாதங்கள் ஒன்றும் ஆகாது. நான்கைந்து அங்குலம் வளர்ந்ததும் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு செதில் உதிரும், வால் கிழியும், ஒருநாள் காலையில் ஒன்று செத்துக் கிடக்கும்.

இந்தத் தொட்டிகளில் எதைச் சேர்க்கலாம் என்று கேட்பவர்கள் அதிகம். எதை, எப்போது வெளியே எடுப்பது என்ற கேள்விதான் தொட்டியைக் காப்பாற்றும். எடுத்த மீனை விட ஓர் இடம் வேண்டுமே! ஆகவே பெரிய தொட்டிக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே, மூன்றடியில் ஒரு சின்னத் தொட்டிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். 3 × 1¼ × 1¼ அடி என்றால் ஏறத்தாழ 130 லிட்டர் பிடிக்கும். புது மீனைத் தனியே வைத்துப் பார்க்க, அடிபட்டதைத் தேற்ற, அடித்ததைச் சிறை வைக்க என்று மூன்று வேலைக்கும் அது ஒன்றே போதும். அதற்கு இடமில்லை என்றால் கூட்டு வளர்ப்பை விட்டுவிட்டு, ஒரே ஒரு பெரிய மீனை வளர்க்கலாம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தொட்டியும் அதன் எடையும்

4 × 1½ × 1½ அடித் தொட்டி 255 லிட்டர். அதில் வளர்ந்த ஆஸ்கர் ஒன்று இருக்கலாம், கூட்டம் முடியாது. சேர்த்து வளர்க்க 6 × 2 × 2 அடி, அதாவது 680 லிட்டர், குறைந்தபட்சம். இங்கே உயரத்தைவிட அகலம் முக்கியம். ஓரடிக்கு வளரும் மீன் துரத்தும்போது, துரத்தப்படுவது வளைந்து திரும்ப 2 அடி அகலம் தேவை. ஒன்றரை அடி அகலத்தில் நீளம் எவ்வளவு இருந்தாலும் அது சந்துதான்; முட்டிக்கொண்டு நிற்கும்.

2 அடி உயரத்துக்கு 12 மி.மீ. கண்ணாடி போடச் சொல்லுங்கள். மேல்விளிம்பில் நீளவாக்கில் பட்டையும், நடுவில் குறுக்குப் பட்டையும் கட்டாயம். கண்ணாடி மட்டும் 120 கிலோ வரும். தண்ணீர், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 850 கிலோவைத் தாண்டிவிடும். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் கட்டப்படுபவை. இந்தத் தொட்டியோ ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான இடத்தில் மொத்தப் பாரத்தையும் இறக்குகிறது. மாடி வீட்டில் இருப்பவர்கள் தளத்தின் நடுவில் வைக்காமல், அடியில் பீம் ஓடும் சுவரோரமாக வைக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

மூடியும் வேண்டும். துரத்தப்பட்ட மீன் மேலே எகிறும். ஆஸ்கர் தீனிக்காகவே எகிறும். லேசான பிளாஸ்டிக் மூடியைத் தள்ளிவிடும் என்பதால் 5 மி.மீ. கண்ணாடியைக் கிளிப் வைத்துப் பொருத்துங்கள்.

வடிகட்டி, தண்ணீர்

இந்த மீன்கள் சாப்பிடுவதும் அதிகம், கழிப்பதும் அதிகம். தொட்டிக்குள் தொங்கவிடும் உள் ஃபில்டர்கள் இவற்றுக்குப் போதாது; அதோடு, பெரிய மீன்கள் அவற்றைப் பிடுங்கியும் எறியும். தொட்டிக்கு அடியில் கேபினெட்டுக்குள் வைக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப் முதல் தேர்வு, வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்களான கேனிஸ்டர்கள் பெரிதாக இரண்டு அடுத்த தேர்வு. ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் 6 முதல் 8 முறை சுற்ற வேண்டும். 680 லிட்டருக்கு மணிக்கு ஏறத்தாழ 4000 முதல் 5500 லிட்டர். பம்ப் அட்டையில் போட்டிருக்கும் எண் நான்கடி உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும்போது கிடைக்காது. மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். அதைக் கணக்கில் வைத்துப் பெரிய பம்பாக வாங்குங்கள்.

சம்ப் வைக்கும்போது பலர் கோட்டைவிடுவது மின்வெட்டுக் கணக்கை. கரன்ட் போனதும் மேலிருக்கும் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும். 6 × 2 அடித் தொட்டியில் ஓரங்குலம் இறங்கினாலே 28 லிட்டர். இரண்டங்குலம் இறங்கும் என்றால் சம்ப்பில் 60 லிட்டராவது காலியாக இருக்க வேண்டும். மேலேறும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 4 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டால், அங்கே காற்றிழுத்துக்கொண்டு தண்ணீர் இறங்குவது நின்றுவிடும். துளையில் பாசி அடைக்காமல் அவ்வப்போது குத்திவிடுங்கள். தொட்டியை நிரப்பிய அன்றே பம்பை அணைத்துச் சோதித்துப் பார்க்காமல் மீன் விடாதீர்கள்.

சம்ப்புக்குள் முதல் அறையில் ஸ்பாஞ்சு, அடுத்து செராமிக் வளையங்கள் அல்லது கே1 மீடியா எனும் சிறு பிளாஸ்டிக் சக்கரங்கள். காசு குறைவென்றால் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் 60, 70 வாங்கிப் போடுங்கள். பாக்டீரியா குடியேற அதுவும் நன்றாகவே உதவும். கம்பி நாரோ, சோப்பு கலந்ததோ கூடாது.

மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரும்படி, மீனில்லாமல் தொட்டியைப் பழக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தண்ணீரில் அமோனியாவை 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) அளவுக்குச் சேர்த்து, 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சு கிடைத்தால் காலம் பாதியாகும். பிஎச் கூடுதலான போர் தண்ணீர் பயன்படுத்துபவர்கள் இதில் அவசரப்படவே கூடாது. பிஎச் 7இல் இருப்பதைவிட 8இல் அமோனியாவின் நச்சுப் பங்கு ஏறத்தாழ பத்து மடங்கு. வெயில் காலச் சூடு அதை இன்னும் ஏற்றும்.

கடின நீரைப் பற்றி மிதமிஞ்சிய பயம் வேண்டாம். நிகரகுவா ஏரிகளிலிருந்து வரும் ரெட் டெவில், மத்திய அமெரிக்காவின் ஜாகுவார், மெக்சிகோ பக்கத்து டெக்சாஸ் சிக்லிட், ஜாக் டெம்ப்சி எல்லாம் கடின நீருக்குப் பழகியவை. அமேசான் ஆஸ்கர் மென்னீர் மீன் என்றாலும் பண்ணைக் குஞ்சுகள் நம் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவை. இன்று போர், நாளை லாரி, மறுநாள் மெட்ரோ வாட்டர் என்று மாற்றிக்கொண்டே இருப்பதுதான் கெடுதல்.

வாரம் ஒருமுறை 40 முதல் 50 சதவீதம் மாற்றுங்கள். ஏறத்தாழ 300 லிட்டர். அமோனியா சிதைந்து கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் 40 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது, 20க்குள் இருந்தால் நிம்மதி. கோடையில் தண்ணீருக்கு அல்லாடும் பகுதியில் இருப்பவர்கள் இந்த 300 லிட்டரை யோசித்த பிறகே மீனை யோசிக்க வேண்டும். வெளியேற்றும் தண்ணீர் செடிகளுக்கு நல்ல உரம், சாக்கடையில் விடாதீர்கள். மெட்ரோ, லாரி தண்ணீரில் குளோரின் இருக்கும். கடைகளில் ‘ஹைப்போ’ என்று கேட்டால் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் படிகத்தை, புதிதாக ஊற்றும் ஒவ்வொரு 100 லிட்டருக்கும் 1 முதல் 1½ கிராம் கரைத்துச் சேர்க்கலாம். மூக்கைத் துளைக்கும் அளவு குளோரின் வாடை அடித்தால் அந்தத் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்துவிட்டு எடுங்கள்.

வெப்பம் 25 முதல் 28 டிகிரி. சென்னை மே மாதத்தில் தண்ணீர் 32ஐத் தொடும். ஆக்சிஜன் குறையும், மீன்களின் எரிச்சலும் கூடும். மூடியைத் திறந்து வலைக்கம்பி போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஹீட்டர் நம் சமவெளிகளில் பெரும்பாலும் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் ஹீட்டரைச் சம்ப்புக்குள் வைக்க வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் கண்ணாடி ஹீட்டரை ரெட் டெவில் உடைக்கும்.

யார் யாருடன்

சிக்லிட்களின் சண்டைக்கு மூன்று காரணங்கள்: இடம், ஜோடி, சாயல். முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதைக் கவனிப்பவர் குறைவு. தன்னைப் போன்ற உடலமைப்பும் நிறமும் கொண்ட மீனைத்தான் சிக்லிட் போட்டியாளனாக எடுத்துக்கொள்ளும். ஒரு தொட்டியில் இரண்டு கிரீன் டெரர் ஆண்கள் இருப்பதைவிட, ஒரு கிரீன் டெரரும் ஓர் ஆஸ்கரும் இருப்பது எளிது. வகைக்கு ஒன்று, உருவத்தில் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை, முடிந்தவரை எல்லாம் ஆண்கள்: இதுதான் கூட்டுத் தொட்டியின் அடிப்படை.

680 லிட்டரில் நடைமுறையில் ஓடும் ஒரு கூட்டணி: ஆஸ்கர் 1, கிரீன் டெரர் ஆண் 1, ஜாக் டெம்ப்சி ஆண் 1, செவரம் 1, இவற்றோடு சில்வர் டாலர் 6. ஆஸ்கர் உருவத்தில் பெரியது, ஓரடிக்கு வரும். குணத்தில் அவ்வளவு மோசமில்லை. டெரரும் டெம்ப்சியும் எட்டு, பத்து அங்குலத்தில் நிற்கும். செவரம் அமைதியானது, அடித்தால் ஒதுங்கிப் போகும். அதுவே அதன் பலவீனமும். தொடர்ந்து ஒதுங்கியபடியே இருந்தால் எடுத்துவிட வேண்டும். சில்வர் டாலர்கள் சும்மா அழகுக்கு இல்லை. நடுநீரில் கூட்டமாகத் திரியும் அவற்றைப் பார்த்துச் சிக்லிட்களின் கவனம் சிதறும். வேகமானவை என்பதால் எளிதில் அகப்படாது. அவற்றை மூன்றங்குலத்துக்குக் குறைவாக வாங்கினால் தீனியாகப் போய்விடும்.

ஆறடித் தொட்டியில் டெக்சாஸ் சேர்க்க நினைத்தால் கிரீன் டெரரை விட்டுவிடுங்கள், இரண்டையும் வைக்காதீர்கள். கான்விக்ட் நான்கைந்து அங்குலத்துக்கு மேல் வளராது. சின்ன மீன் என்று ஏமாறவேண்டாம். ஆணும் பெண்ணும் சேர்ந்துவிட்டால் ஆஸ்கரையே மூலைக்கு விரட்டும்.

வளர்ந்த ஆண் ஜாகுவார், ரெட் டெவில், டோவி, அம்பி இந்த நான்கையும் வீட்டுத் தொட்டியில் கூட்டுக்குச் சேர்க்காதீர்கள். டோவியும் அம்பியும் இரண்டடிக்கு வளர்பவை, அவற்றுக்கு எட்டடித் தொட்டியும் தனிமையும் வேண்டும். ஃப்ளவர்ஹார்னும் இதே கணக்குதான். 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவான மீன் அது. தன் நிழலோடே சண்டை போடும். வாஸ்துவுக்கு வாங்கியதைத் துணைக்கு ஒன்று வேண்டுமே என்று இரக்கப்பட்டு இன்னொரு மீனோடு விடுபவர்கள் அந்த இன்னொன்றின் மேல் இரக்கப்படவேண்டும். பேரட் சிக்லிட்டும் கலப்பினமே. வாய் சரியாக மூடாது, கடிக்க முடியாது. முரடர்கள் நடுவில் அது அடிவாங்க மட்டுமே பயன்படும்.

அடிமட்டத்துக்கு, உறிஞ்சுவாய்க் கெளுத்தியான ப்ளெகோ போடலாம். கைக்கு அடக்கமாக ஆறங்குலத்தில் வாங்குங்கள். சின்ன ப்ளெகோவை ஆஸ்கர் விழுங்கப் பார்க்கும், அதன் முள் விரிந்து தொண்டையில் சிக்கி இரண்டுமே சாகும்.

கல், கட்டை, மறைவிடம்

‘நிறையக் குகை வையுங்கள், சண்டை குறையும்’ என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஏரிக்கரையில் ஜிலேபிக் கெண்டை குழிதோண்டிக் காவல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் கோளாறு புரியும். அதுவும் சிக்லிட் இனம்தான். குகை இருந்தால் அதைப் பிடிக்க ஒன்று வரும், பிடித்ததைக் காக்கச் சண்டை போடும். பெரிய மீன்களுக்குக் குகையே வேண்டாம். பார்வையை மறைக்கும் தடுப்புகள் போதும். தண்ணீரின் முக்கால் உயரத்துக்கு நிற்கும் மரக்கட்டைகள் இரண்டை, தொட்டியின் நீளத்தை மூன்றாகப் பிரிக்கும் இடங்களில் வையுங்கள். துரத்தப்படும் மீன் கட்டைக்குப் பின்னால் போனால் துரத்துவதன் கண்ணிலிருந்து மறையும். பெரும்பாலான துரத்தல் அங்கேயே முடிந்துவிடும். ஒரு வழி மட்டும் உள்ள பொந்தில் அது நடக்காது, உள்ளே மாட்டிக்கொண்டு அடிவாங்கும். குழாய் வைத்தே ஆகவேண்டும் என்றால் 6 அங்குல பிவிசியை இருபக்கமும் திறந்தபடி போடுங்கள்.

கற்களை மணலின் மேல் வைக்காதீர்கள். இவை மணலைத் தோண்டிக் கல்லைச் சாய்த்துவிடும், கண்ணாடி போகும். முதலில் கல், பிறகு அதைச் சுற்றி மணல். கல்லுக்கும் அடிக்கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் வலைத்தட்டு இருந்தால் பாரம் பரவும். செடிகள் வேலைக்காகாது, இரண்டு நாளில் மேலே மிதக்கும்.

தொட்டியில் விடும் முறை

எல்லாவற்றையும் இரண்டு மூன்றங்குலக் குஞ்சுகளாக ஒரே சமயத்தில் வாங்கி ஒன்றாக வளர்ப்பதே சுலபம். தேவைக்கு இருமடங்கு, அதாவது எட்டு முதல் பத்து குஞ்சுகள் வாங்குங்கள். நான்கைந்து அங்குலத்துக்கு வரும்போது யார் தாதா, யார் அடிவாங்கி என்பது தெரிந்துவிடும். இரண்டு ஓரத்தையும் வெளியேற்றிவிட்டு நடுவில் இருப்பவற்றை வைத்துக்கொள்ளுங்கள். அடிவாங்கியை மட்டும் எடுத்தால் தாதா அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும்.

வளர்ந்த மீனை ஓடுகிற தொட்டியில் சேர்ப்பது வேறு கதை. அதற்கு முன் மூன்று நான்கு வாரம் சின்னத் தொட்டியில் தனியே வைத்து நோய் பாருங்கள். சேர்க்கும் நாளில் கட்டைகளையும் கற்களையும் இடம் மாற்றுங்கள். பழைய எல்லைகள் கலைந்துபோகும். பழையவற்றுக்குத் தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, இரவில் விடுங்கள். தனியாக ஒன்றை விடாமல் இரண்டு மூன்றாக விட்டால் அடி பங்கு பிரியும். மிக முரடானது எதுவோ அது கடைசியாக, மற்றவற்றைவிடச் சின்ன அளவில் வர வேண்டும்.

தடுப்பு வைத்துப் பழக்குவது இன்னும் பத்திரம். ஃபால்ஸ் சீலிங் விளக்குக் கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டத் தட்டை அளவாக வெட்டுங்கள். அதைப் பிடித்து நிறுத்த, தொட்டியின் இரு பக்கச் சுவரிலும் கண்ணாடிப் பட்டைகளைச் சிலிகான் வைத்து ஒட்டிக் காடி அமைக்க வேண்டும். வெறுமனே செருகி வைத்தால் ஓரடி மீன் ஒரே முட்டில் சாய்த்துவிடும். தடுப்பு மூடி வரை உயர வேண்டும். ஒரு வாரத்தில் தட்டின் இருபுறமும் முறைப்பது குறைந்து தீனிக்கு வழக்கம்போல வந்தால் எடுத்துப் பாருங்கள். குறையவில்லையா, அந்தச் சேர்க்கை ஒத்துவராது.

எது விளையாட்டு, எது வினை

செவுளை விரிப்பது, பக்கவாட்டில் நின்று வாலை அடிப்பது, ஓரிரு அடி தூரம் துரத்துவது எல்லாம் அன்றாடம். வாயோடு வாய் கவ்வி இழுப்பது பலப்பரீட்சை. ஒரு நிமிடத்தில் ஒன்று விலகிப் போனால் முடிந்தது. அதே இரண்டும் மறுநாளும் கவ்வினால் பிரித்துவிடுங்கள், தாடை விலகினால் அந்த மீன் பட்டினியிலேயே போகும்.

எடுத்தே ஆகவேண்டிய அறிகுறி வேறு. நீர்மட்டத்தின் மேல்மூலையில் சாய்ந்து நிற்பது, துடுப்பை ஒடுக்கிக்கொள்வது, நிறம் கறுத்தோ வெளுத்தோ போவது, தீனிக்கு வராமல் இருப்பது: இவற்றில் இரண்டு தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றே எடுங்கள். கூட்டத் தொட்டியில் பலவீனம் தெரிந்த மீனை எல்லாமே சேர்ந்து அடிக்கும்.

ஜோடி சேர்வது தொட்டியின் சட்டத்தையே மாற்றிவிடும். முட்டையிட்ட ஜோடி ஆறடியில் நான்கடியைத் தனதாக்கி, மற்றதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கும். தட்டைக்கல் ஒன்றை இரண்டு மீன் வாயால் சுத்தம் செய்யத் தொடங்கினாலே புரிந்துகொள்ளலாம். கல்லை எடுத்து, தண்ணீரை மாற்றினால் தள்ளிப்போகும், நிற்காது. ஒன்றை எடுப்பதுதான் தீர்வு. கான்விக்டில் வயிற்றில் ஆரஞ்சு நிறம் இருந்தால் பெண். ஆஸ்கரில் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது; முட்டையிடும் சமயத்தில் அடிவயிற்றுக் குழாய் தடித்து மழுங்கியிருந்தால் பெண், மெலிந்து கூராக இருந்தால் ஆண்.

தீனி

நல்ல பெல்லட் முக்கால் பங்கு, இறால், நறுக்கிய கடல் மீன் எப்போதாவது. வளர்ந்தவற்றுக்கு ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் போட்டால் தாதா ஓரிடத்தில்தான் நிற்க முடியும். உயிருள்ள கோல்ட்ஃபிஷ் போட்டு வேட்டை பார்ப்பதை விடுங்கள். அதில் உள்ள தயமினேஸ் நொதி வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். மலிவுக் கடைத் தொட்டியின் நோயும் கூடவே வரும். பசியில் வைத்தால் சண்டை கூடும். அதற்காக வயிறு முட்டப் போட்டால் தண்ணீர் கெடும்.

தலையில் ஊசி குத்தியதுபோல் குழிகள் வருவது ஆஸ்கரில் அடிக்கடி பார்ப்பது. அழுக்குத் தண்ணீரும் சத்தில்லாத தீனியும் பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருக்கும். முதலில் வாரம் இருமுறை தண்ணீர் மாற்றுங்கள், தீனியை மாற்றுங்கள். மலம் வெள்ளை நூலாக வந்தால் மட்டும், மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் கேட்டு மெட்ரோனிடசோலுக்குப் போங்கள்.

அடிபட்டால்

சின்னத் தொட்டியின் ஸ்பாஞ்சு ஃபில்டரை எப்போதும் பெரிய தொட்டியின் சம்ப்பிலேயே போட்டு வையுங்கள். அவசரத்துக்கு எடுத்து மாட்டினால் பாக்டீரியா தயாராக இருக்கும். தண்ணீரையும் பெரிய தொட்டியிலிருந்தே எடுங்கள். 100 லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு, அயோடின் சேர்க்காதது, இரண்டு நாளில் பிரித்துக் கரைத்துச் சேர்க்க வேண்டும். விளக்கு வேண்டாம், காற்று நன்றாக ஓடட்டும். தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் உப்புப் போடுங்கள். காயத்தில் பஞ்சுபோல் பூஞ்சை தெரிந்தால் மெத்திலீன் ப்ளூ உதவும். அது ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியாவையும் கொல்லும் என்பதால் அதை ஊற்றுமுன் ஸ்பாஞ்சை வெளியே எடுத்துவிட்டு, தண்ணீரைத் தினமும் பாதி மாற்ற வேண்டும். கிழிந்த வால் இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும். ஆறிய மீனைத் திரும்ப அதே தொட்டியில் விடுவது புது மீனை விடுவதற்குச் சமம்; மேலே சொன்ன எல்லாம் பொருந்தும்.

மின்வெட்டு நீண்டால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் உயிர் காக்கும். நின்றுபோன கேனிஸ்டரை நான்கைந்து மணி நேரம் கழித்து அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே அழுகிய தண்ணீர் தொட்டிக்குள் போகும். திறந்து, தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு மாட்டுங்கள்.

வெளியேற்றிய மீன்

தேவைக்கு மேல் வளர்ந்ததைப் பல கடைகள் மாற்றுக்கு எடுத்துக்கொள்ளும், விலை பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஏரியிலோ கிணற்றிலோ விடவே கூடாது. ப்ளெகோ அப்படித்தான் நம் நீர்நிலைகளில் பரவி உள்ளூர் மீன்களை நெருக்குகிறது. கொண்டுபோகும்போது முந்தைய நாள் தீனி போடாதீர்கள். மூடியுள்ள 20 லிட்டர் வாளியில் பாதி தண்ணீர், வாளிக்கு ஒரே மீன், மூடியில் காற்றுக்கு நாலைந்து துளை. பாலிதீன் பையை முதுகுத் துடுப்பின் முள் குத்திவிடும். வலையிலும் அதே முள் சிக்கும். பெரிய மீனை வலையால் தூக்காமல், தண்ணீருக்குள்ளேயே வாளியைச் சாய்த்து அதற்குள் ஓட்டி எடுங்கள்.